கோட்டைக்குள் அரை அடி பின்னே நடந்தவர்

வழிகாட்டி என்றால் முன்னே நடக்கிறவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் எப்போதும் அரை அடி பின்னே நடப்பார். வந்தவர்களின் தோளுக்குப் பின்னால் கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு, அவர்களுடைய கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். அது தெரிந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

நிலாவெளி வீதியில் பன்னிரண்டு அறைகள் உள்ள ஒரு ஹோட்டலில் அப்போது எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. தங்க வந்தவர்கள் திருகோணமலைக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் நான் அவருக்கு அழைப்பு எடுப்பேன். ஹோட்டலின் முகநூல் பக்கத்துக்குப் படமும் வீடியோவும் எடுப்பதும் என் வேலைதான் என்பதால், ஹோட்டல் வான் வண்டியில் நானும் கூடப் போவேன். கோட்டை வாசலில் வெள்ளைச் சேட்டுடன் அவர் நிற்பார். அறுபதை எட்டிப் பிடிக்கும் வயது. ஒல்லியான உடம்பு. சேட்டுப் பையில் நாலாக மடித்த லேஞ்சி. வியர்வையைத் துடைத்த பிறகும் அதை அதே மடிப்பில்தான் திரும்ப வைப்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஹோட்டலில் எல்லோரும் "கோட்டை அண்ணை" என்றே சொன்னோம்.

வாசலில் இரண்டு கேள்விகள் கேட்பார். எங்கிருந்து வருகிறீர்கள், முதல்தடவையா. அவ்வளவுதான். அந்த இரண்டு பதில்களை வைத்துக்கொண்டு, கோட்டைக்கு அன்றைக்கு எந்த வரலாறு என்று முடிவு செய்துவிடுவார்.

நான் முதன்முதலாக அவரோடு போனது ஒரு ஒல்லாந்துத் தம்பதியுடன். வாசலைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், சுவரின் முழங்கால் உயரத்தில் ஒரு கல் பதிந்திருக்கும். மற்றக் கற்கள் எல்லாம் வெறுங் கற்கள். அதில் மட்டும் எட்டு இதழோடு ஒரு பூ. உப்புக் காற்றில் இதழ்கள் மழுங்கிப்போய், பூ என்று சொன்னால்தான் பூ. அந்தப் பெண்மணி குனிந்து அதைப் பார்த்தார். உடனே இவர் ஆங்கிலத்தில் சொன்னார், உங்கள் நாட்டுக் கல்தச்சன் ஒருவன் வீட்டு நினைவு வந்து செதுக்கியது, இது டியூலிப் பூ என்று. அந்தப் பெண்மணி கையை அந்தக் கல்லில் வைத்தபடி கன நேரம் நின்றார். எழும்பும்போது கண் கலங்கியிருந்தது.

அடுத்த மாதம் கனடாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அதே கல். "பறங்கியர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லைக் கொண்டுதான் இந்தக் கோட்டையைக் கட்டினவங்கள். இது எங்கட கர்ப்பக்கிருகத்துக் கல்லு, ஐயா. எத்தினை அபிஷேகம் கண்ட கல்லு," என்றார். அந்தக் குடும்பத்துத் தகப்பன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மண்ணில் முழங்காலை ஊன்றி, நெற்றியைக் கல்லில் வைத்தார். பிள்ளைகள் அதைப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

பிறகு மாத்தறையிலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி, ஒரு வயதான தாயோடு வந்தார்கள். அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். அவருடைய சிங்களம் அவ்வளவு சுத்தம். பழைய விகாரையின் தாமரைக் கல் இது, எங்கோ மூலையில் கிடந்து அழியவேண்டியது புண்ணியத்தில் தப்பி இந்தச் சுவரில் நிற்கிறது என்றார். அந்தத் தாய் வழியில் பொறுக்கிய அரலிய என்று அவர்கள் சொல்லும் ஒரு கோயில் பூவைக் கல்லுக்கு மேலே வைத்துக் கும்பிட்டார்.

மூதூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தக் கல்லைக் காட்டவே இல்லை. சுவரைத் தட்டிக் காட்டினார். "இதுக்குச் சுண்ணாம்பு கடலால வந்தது. அக்கரையில இருந்து வத்தையில கொண்டுவந்தது உங்கட பெரியாக்கள்தான். அவை இல்லாட்டி இது எழும்பியிராது." அந்த வாப்பா மகனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சுவரை அண்ணாந்து பார்த்தார்.

ஒருநாள் நான் நேரடியாகக் கேட்டேன்.

"அண்ணை, அந்தக் கல்லு உண்மையில என்ன?"

"உங்களுக்கு என்னவாப் படுது, தங்கச்சி?"

"எனக்குத் தாமரை மாதிரித்தான் கிடக்கு."

"ஓம். தாமரைதான்."

அன்றைக்கு எங்கள் ஹோட்டல் சமையற்காரரும் கூட வந்திருந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பூ இல்லை, தேர்ச் சில்லு போல இருக்கு," என்றார். "ஓம், சில்லுத்தான். நல்லாப் பாத்தால் அச்சாணித் துளையும் தெரியும்," என்றார் இவர். என் முகத்தைப் பார்த்துத்தான் அதையும் சொன்னார். கொஞ்சமும் கூச்சம் இல்லை.

கதைக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அக்காவிடம், "இண்டைக்குத்தான் அக்கா தேத்தண்ணி தேத்தண்ணியா இருக்கு," என்பார். அக்கா திரும்பியதும் மிச்சத்தை ஆலமரத்து வேரில் ஊற்றுவார். அங்கே மேயும் மான்களுக்கு யாராவது பிஸ்கற் கொடுத்தால், "நல்ல மனம் உங்களுக்கு," என்பார். மானுக்குப் பிஸ்கற் கொடுக்காதே என்று யாராவது ஏசினால், "சரியாச் சொன்னீங்கள், வயித்துக்கு ஆகாது," என்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பிடித்துமிருந்தது. ஹோட்டலில் நாள் முழுக்க முறைப்பாடுகளுக்கு நடுவில் இருக்கிற எனக்கு, மனிதர்கள் சந்தோசமாக வானில் ஏறுவதைப் பார்ப்பதே ஒரு ஆறுதல். அவரோடு போனவர்கள் எவரும் முகம் சுளித்துத் திரும்பியதில்லை.

பிடிக்காமல் போனது என் கலியாணப் பேச்சில்.

எனக்கு இருபத்தேழு வயதில் பிரான்சிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மாவுக்கு வலு விருப்பம். எனக்கு விருப்பமில்லை. வேலையை விட வேண்டும் என்று முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோணேசரைக் கும்பிட வந்தபோது நானும் போனேன். வாசலில் அவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்க நின்ற நேரத்தில் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அப்பா இல்லாத வீடு.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி," என்றார். "கையில தொழில் இருக்கிற பிள்ளை நீங்கள். அதை விட்டிட்டுப் போய் அங்க பனிக்குள்ள அடைபட்டு என்ன செய்யப் போறீங்கள்? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் இரண்டு கிழமையாகக் காத்திருந்தேன். கோயிலிலிருந்து இறங்கும்போது நான் முன்னே நடந்தேன். அவர் அம்மாவுக்கு அரை அடி பின்னே வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் நான் வேண்டாம் என்றேன். அம்மா கோபிக்கவில்லை. வென்றவர் போலச் சிரித்தார்.

"உன்ர கோட்டை அண்ணையே சொல்லிப்போட்டார். இதைவிட நல்ல இடம் கிடைக்காதாம். பிள்ளையள் முதல்ல அப்படித்தான் வேண்டாம் எண்டு நிக்குங்கள், நீங்கள் விட்டுக் குடுக்காதேங்கோ அம்மா எண்டார்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழுத விருப்பமில்லை. அம்மாவும் நானும் இரண்டு மாதம் கதைக்கவில்லை. சம்பந்தம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அடுத்த தடவை கோட்டையில் கண்டபோது நான் அவரை மறித்துக் கேட்டேன். "ஏன் அண்ணை அம்மாட்ட அப்படிச் சொன்னனீங்கள்?"

"அம்மா பாவம், தங்கச்சி. அவவுக்கு அப்ப அந்தக் கதைதான் தேவைப்பட்டுது."

"அப்ப எனக்குச் சொன்னது?"

"உங்களுக்கு அது தேவைப்பட்டுது."

ஒரு பணிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் போல நின்றார். செய்தது பிழை என்கிற எண்ணம் அவர் முகத்தில் எங்கேயும் இல்லை. அன்றையிலிருந்து அவர் விருந்தினருக்குக் கதை சொல்லும்போது என்னால் சிரிக்க முடியவில்லை. கல்லில் நெற்றியை வைத்த அந்தக் கனடாக்காரரை நினைத்தேன். நானும் அப்படித்தான் அவரிடம் நெற்றியை வைத்திருக்கிறேன்.

மாரியில் ஒருநாள், கூட்டிவந்த விருந்தினர்கள் கோயிலுக்குள் போன நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் ஒரு பழைய கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். எனக்குக் கோபம் ஆறவில்லை. குத்த வேண்டும் என்றே கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் கதை வைச்சிருக்கிறீங்கள். உங்களுக்கெண்டு ஒரு கதை இல்லையா அண்ணை?"

அவர் குடையை மடக்கி உதறினார்.

"எனக்குப் பத்தொன்பது வயசிருக்கும். அண்ணன் என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. ஒரு சைக்கிளில வாறம். அவர் மிதிக்கிறார், நான் பின்னுக்கு. வழியில ஆயுதத்தோட மறிச்சவை. ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி நிப்பாட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்டவை. அண்ணன் உள்ளதைச் சொன்னார். நான் அவைக்கு என்ன வேணும் எண்டு முகத்தைப் பாத்தன். பாத்து அதைச் சொன்னன். என்னைப் போகச் சொன்னவை."

"அண்ணன்?"

"சைக்கிளை நான்தான் உருட்டிக்கொண்டு வந்தனான்."

மழை கூடிக்கொண்டு வந்தது. தாழ்வாரத்துக்குள் ஒரு மான் வந்து எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போனது.

"மறிச்சது ஆர் அண்ணை?"

"அதுக்கும் ஆளைப் பாத்துத்தான் பதில் சொல்லுறனான், தங்கச்சி," என்றார். லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்து மடித்து வைத்தார். "அண்ணன்ர சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அண்டைக்கு அம்மா கேட்டவ. எங்க அவன் எண்டு. பின்னால வாறார் எண்டு சொன்னன். அம்மாவுக்கு அப்ப அதுதான் தேவையா இருந்தது. சாகும் வரைக்கும் அதைத்தான் சொன்னனான்."

இதைக் கேட்ட பிறகு ஒரு மனிதருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். எனக்கும் இளகியது. ஆனால் அன்று பின்னேரம் ஹோட்டலுக்கு வந்து, விருந்தினரின் ஈரச் சப்பாத்துகளைக் கதிரையின் கீழ் வரிசையாக வைக்கும்போது வேறொரு எண்ணம் வந்தது. இதுவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதாக இருந்தால்? நான் கோபத்தோடு நின்றேன். கோபம் ஆறுவதற்கு என்ன கதை வேண்டுமோ அதைத் தந்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது.

சீசன் முடிந்து ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்த ஒரு கிழமையில், போனில் இடம் இல்லை என்று பழைய வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தேன். ஒல்லாந்துத் தம்பதி வந்தது. கனடாக் குடும்பம் வந்தது. மாத்தறைத் தாய் வந்தார். மூன்றிலும் அதே கல், அதே குடை, அதே குரல். மூன்றையும் ஒன்றாக வெட்டி ஒட்டினேன். முன்னுக்கு "ஒரு கல், மூன்று கதை" என்று எழுத்துப் போட்டேன். சமையற்காரருக்குக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னோடு படித்த ஏழு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பகிடிக்கு அனுப்பினேன் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். பகிடி இல்லை. அந்த ஏழு பேரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அம்மாவிடம் சொன்னதற்கும் என்னிடம் சொன்னதற்கும் அவர் எங்கேயாவது பதில் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

மூன்றாம் நாள் அது எங்கிருந்தெல்லாமோ எனக்கே திரும்பி வந்தது. யாரோ ஒருவர் அவருடைய முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். தமிழில் பரவியதற்குக் கீழே இனத்தை விற்கிறவன் என்று எழுதியிருந்தார்கள். சிங்கள எழுத்துப் போட்டுப் பரவியதற்குக் கீழேயும் அதே வசைதான். எழுதியவர்களில் பலர் திருகோணமலையை வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார்கள். நான் அனுப்பியதை அழித்தேன். குழுவிலிருந்து விலகினேன். அவருக்கு மட்டும் அழைப்பு எடுக்கவில்லை. அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். அவருக்கு ஒன்றும் தெரிய வராது, இரண்டு கிழமையில் எல்லோரும் மறந்துபோவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். கோட்டை பார்க்க வேண்டும் என்றார்கள். முதலாளி அவருக்கு அழைப்பு எடு என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அண்ணை, இந்தக் கிழமை அந்தப் பக்கம் வராதேங்கோ என்று ஒரு வரி. என்ன காரணம் என்று கேட்பாரே என்று பயந்தேன். "ஒன்பது மணிக்கு வாங்கோ அண்ணை," என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பதுக்கு முன்னமே வந்து நின்றார். வான் நின்றதும் கதவைத் திறந்து, தாயையும் மகளையும் கைகொடுத்து இறக்கினார். நான் பின் ஆசனத்தில் அவர்களுடைய தொப்பிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது நாலைந்து இளந்தாரிகள் அவரைச் சுற்றி நின்றார்கள். வெளியூர் வான் ஒன்றில் கோயிலுக்கு வந்தவர்கள். கையில் போன்கள் அவரை நோக்கி நீட்டியபடி இருந்தன.

"நீதானே அந்த ஆள்?"

"எந்த ஆள், தம்பி?"

ஒருவன் போனைத் திருப்பிக் காட்டினான். அவர் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார். முழுவதையும் பார்த்தார். ஒரு நிமிசத்துக்கு மேல் எடுத்திருக்கும். நான் போட்ட எழுத்து முதலில் வந்திருக்கும்.

"அந்தக் கல்லு ஆற்ற? இப்ப எங்களுக்குச் சொல்லு பாப்பம்."

அதற்குள் பக்கத்தில் நின்ற யாத்திரை பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களிலும் சிலர் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு நடுத்தர வயது மனிதர் சிங்களத்தில் அதே கேள்வியைக் கேட்டார். அந்தக் கல் யாருடையது.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். ஒருவருக்காகத் திறந்த வாயை மற்றவரைப் பார்த்து மூடினார். இவ்வளவு காலத்தில் அவரிடம் சொல் இல்லாமல் நான் கண்டது அன்றைக்குத்தான். கேட்கிறவர் ஒருவராக இருந்தால் அவருக்கு ஒரு வழி இருந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிலுக்கு நின்றது.

"எனக்குத் தெரியாது," என்றார். பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார்.

யாரோ சிரித்தார்கள். அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் கீழே குந்தி மண்ணில் கையால் தடவித் தேடினார். ஒரு சப்பாத்துக் கால் அதைக் கொஞ்சம் அப்பால் தள்ளிவிட்டது. கண்ணாடி இல்லாத கண்ணோடு அவர் வான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். வான் கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது. நான் இறங்கவில்லை.

பயந்துபோய் வானுக்குள் ஏறிய ஜெர்மன் மகள் என்ன நடக்கிறது என்று கேட்டாள். "ஒன்றுமில்லை, ஊர்க்காரர்களுக்குள் ஏதோ சின்னச் சண்டை," என்றேன். அவள் முகம் தெளிந்தது.

வாசல் காவலில் இருந்தவர்கள் வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். இனி இந்தப் பக்கம் வராதே, உன்னால்தான் பிரச்சினை என்று அவரிடம் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். அவர்கள் சொன்னது சரி என்பது போலத்தான் தலையாட்டினார்.

அன்று பின்னேரமே முதலாளி சொன்னார், இனி அந்த ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று. அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் ஒரு புதிய வழிகாட்டியைப் பிடித்தோம். அவர் முன்னே வேகமாக நடப்பார். யார் வந்தாலும் பாடமாக்கியதை ஒப்புவிப்பார். கேட்கிறவர்கள் பாதியில் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. வீடியோவைக் கண்டவர்கள் அந்தக் கல் எங்கே என்று கேட்டு வந்தார்கள். முட்டுக்காலில் நின்று அதோடு தங்களைப் படம் எடுத்தார்கள். எங்கள் ஹோட்டல் பக்கத்திலும் அந்தக் கல்லின் படத்தைப் போடச் சொன்னார் முதலாளி. போட்டேன். நாங்கள் போட்டதிலேயே கூடுதல் பேர் விரும்பிய படம் அதுதான்.

அவரைப் பற்றித் தேத்தண்ணிக் கடை அக்காதான் எப்போதாவது சொல்லுவார். டவுனை விட்டுக் கப்பல்துறைக்குப் போய்விட்டாராம். கண்டி வீதியில் ஒரு தரையோட்டுக் கடையில் காவலாளியாம். "ஆரோடயும் கதைக்கத் தேவையில்லாத வேலை," என்றார் அக்கா. "என்ர தேத்தண்ணியை அவரைப் போல ஒருத்தரும் புகழேல்லை."

ஒன்றரை வருசம் கழித்து நான் கப்பல்துறைக்குப் போனேன். இரக்கத்தினால் போனேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாரத்தைச் சுமக்க ஏலாமல், அதை இறக்கி வைக்கத்தான் போனேன். அவர் ஏசுவார், நான் அழுவேன், பிறகு எல்லாம் சரியாகும் என்று பஸ்ஸில் இருந்தபடி நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

வீதியோரம் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. எதிரே பஸ் தரிப்பிடம். அவருடைய மனைவி வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன் நான் அவரைக் கண்டதில்லை. பருத்த உடம்பு, இறுகிய முகம். நான் பெயரையும் ஹோட்டலையும் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "இருக்கிறார், போங்கோ," என்றார். வாங்கோ என்று சொல்லவில்லை.

அவர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் காவலாளிச் சீருடையோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். நல்லா மெலிஞ்சு போனீங்கள் என்றார், அம்மா சுகமா என்றார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, அந்த வீடியோ... அதை எடுத்து ஒட்டினது நான். நான்தான் அனுப்பினது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, தங்கச்சி. அது நீங்கள் இல்லை."

"நான்தான் அண்ணை."

"எனக்கு ஆளைத் தெரியுமே. ஒரு பெடியன். சிவத்த ஹெல்மெட்டோட கொஞ்ச நாளா எனக்குப் பின்னால திரிஞ்சவன். நான் கதைக்கேக்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். அவன்தான் செய்தவன். நீங்கள் எடுத்தது ஹோட்டலுக்கு. அதில என்ன பிழை இருக்கு?"

"அதில எழுத்துப் போட்டதே நான்தான், அண்ணை."

"உங்களுக்கு அப்பிடி ஒரு யோசனை வந்திட்டுது போல. சும்மா மனசைப் போட்டு வருத்தாதேங்கோ. நீங்கள் அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை." மனைவியைக் கூப்பிட்டார். "பிள்ளைக்குக் குடிக்க ஏதும் குடுங்கோவன்."

சிவப்பு ஹெல்மெட்டோடு அப்படி ஒரு பெடியன் இருந்ததே இல்லை. நான் எல்லாத் தடவையும் கூடப் போனவள். எனக்குத் தெரியும். அவன் என்ன நிறத்தில் சேட்டுப் போட்டிருந்தான், எந்த மரத்தடியில் நின்றான் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் அழத் தொடங்கினேன். அழ அழ அந்தப் பெடியனுக்கு அவர் ஊர், பேர், மீசை எல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஏசுங்கோ அண்ணை என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தார். ஏச என்ன இருக்கு என்றார். தண்ணீர் வரவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

முற்றத்துக்கு வந்தபோது அவருடைய மனைவி மிளகாய்ச் சாக்கின் பக்கத்தில் அப்படியே நின்றார். குரலைத் தாழ்த்தவில்லை. உள்ளே கேட்கும் என்று தெரிந்துதான் பேசினார்.

"அவருக்கு அண்டைக்கே தெரியும். அடி வாங்கி வந்து இந்த முற்றத்திலதான் இருந்தார். ஆர் செய்தது எண்டு நான் கேட்டனான். மூண்டு தரமும் பக்கத்தில நிண்டது ஒராள்தான் எண்டு சொன்னவர். உங்கட பேரையும் சொன்னவர். வேற ஒண்டும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு இந்த வீட்டில அவர் ஒரு கதையும் சொல்லுறேல்லை."

"அக்கா, நான்..."

"நீங்கள் மன்னிப்புக் கேக்க வந்தனீங்கள். அவர் தந்திட்டார். அவருக்கு அதை விட்டா வேற ஒண்டும் தெரியாது." குனிந்து மிளகாயைக் கையால் பரவினார். "என்னட்டக் கேக்காதேங்கோ. நான் தரமாட்டன்."

நான் வீதியைக் கடந்து தரிப்பிடத்தில் போய் நின்றேன். டவுனுக்குப் போகும் பஸ் வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எதிரே வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அந்த அம்மா மிளகாயைத் திருப்பிப் போட இரண்டு தடவை வெளியே வந்தார். இரண்டு தடவையும் வீதிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணை வெளியே வரவில்லை.